அடி விழுமுன் உடல் பேசுவது: தற்காப்பில் தோரணையின் பங்கு

சிங்கப்பூரின் சமூக மன்றம் ஒன்றில் நான் நடத்திவரும் தொடக்கநிலைத் தற்காப்பு வகுப்பில், முதல் நாள் யாருக்கும் குத்தவோ உதைக்கவோ கற்றுக்கொடுப்பதில்லை. வேலை முடிந்து வீடு திரும்பும்போது எப்படி நடப்பார்களோ அப்படியே, தோளில் பையும் கையில் தொலைபேசியுமாக, அறையின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை நடந்து காட்டச் சொல்வேன். மற்றவர்கள் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பார்கள். ஒருவர் கைத்தொலைபேசியில் படம் பிடிப்பார்.

மருத்துவமனையில் மாலைநேர வேலை பார்க்கும் தாதி ஒருவர் ஒருமுறை அப்படி நடந்தார். கனமான பை இடத்தோளில் தொங்கியது. அது வழுக்கி விழாமலிருக்கத் தோளைக் காதருகே தூக்கிப் பிடித்திருந்தார். அதனால் கழுத்து வலப்பக்கம் சாய்ந்திருந்தது. பார்வை தம் காலுக்கு மூன்றடி முன்னால் தரையில் இருந்தது. தேங்கிய மழைநீரைத் தாண்டுபவரைப் போல ஒவ்வொரு பாதத்தையும் நேராக மேலே தூக்கி, தட்டையாகக் கீழே வைத்தார். எடுத்த படத்தைக் காட்டியதும் அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அக்கா, இது நானா? என் வார்டில் இருக்கிற நோயாளி நடப்பதுபோல் இருக்கிறதே" என்றார். பத்து மணிநேரம் பிறரைத் தாங்கிப் பிடித்துக் களைத்த உடல் அப்படித்தான் நடக்கும் என்பதை அவருக்குச் சொன்னேன். ஆனால் அந்தக் களைப்பு யார் யார் கண்ணுக்கெல்லாம் தெரிகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருந்தது.

தற்காப்பில் உடல்மொழி என்று நாம் பேசுவதன் மையம் இதுதான். முன்பின் அறியாத ஒருவர் இன்னொருவரைத் தாக்குவது பெரும்பாலும் ஒரே கணத்தில் நடந்துவிடுவதில்லை. அவர் முதலில் பார்க்கிறார். பார்த்தவர்களுள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார். ஏதோ ஒரு சாக்கில் நெருங்குகிறார். மணி கேட்டோ, வழி கேட்டோ, உரசிப் பார்த்தோ, எதிரே இருப்பவர் எவ்வளவு தூரம் விட்டுக்கொடுப்பார் என்று சோதிக்கிறார். அதன் பிறகே கை நீள்கிறது. நாம் கற்கும் குத்தும் உதையும் கைப்பிடி விடுவிப்பும் இந்த ஐந்தில் கடைசிப் படிக்கு மட்டுமே உதவுகின்றன. முதல் நான்கு படிகளிலும் வேலை செய்வது நாம் நிற்கும் விதம், நடக்கும் விதம், பார்க்கும் விதம், நம் குரல் ஆகியவைதான். நான்காம் படியிலேயே ஒருவர் விலகிப் போய்விட்டால், ஐந்தாம் படிக்காக நாம் கற்றுவைத்திருந்த எதுவும் தேவைப்படாமல் போகிறது. அந்த நாளைத்தான் ஒரு தற்காப்பு ஆசிரியர் தம் மாணவருக்கு விரும்ப வேண்டும்.

இது வெறும் அனுபவப் பேச்சன்று. 1981இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காகப் பெட்டி கிரேசன், மாரிஸ் ஸ்டைன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் நியூயார்க் நகரத் தெருவில் நடந்து சென்ற 60 பேரை, அவர்கள் அறியாமல் படம் பிடித்தனர். முன்பின் அறியாதவர்களைத் தாக்கிய குற்றத்துக்காகச் சிறையில் இருந்தவர்களிடம் அந்தப் படத்துண்டுகளைக் காட்டி, இவர்களுள் யாரைத் தாக்குவது எளிது என்று மதிப்பெண் இடச் சொன்னார்கள். ஒவ்வொரு துண்டும் சில விநாடிகளே ஓடியது, குரல் இல்லை. அப்படியிருந்தும் கைதிகளின் கணிப்புகள் பெரிதும் ஒத்துப்போயின. எளிது என்று குறிக்கப்பட்டவர்களின் நடையில் அப்படி என்னதான் இருந்தது என்பதை அறிய, நடன அசைவுகளைக் குறிப்பதற்காக ருடால்ஃப் லாபான் உருவாக்கிய முறையை ஆய்வாளர்கள் பயன்படுத்தினார்கள். கிடைத்த விடை வியப்பானது. எட்டு வைக்கும் நீளம் உடலுக்குப் பொருந்தாமல் மிக நீளமாகவோ மிகக் குறுகலாகவோ இருந்தது. பாதம் இயல்பாக வீசி முன்னே செல்லாமல் தூக்கித் தூக்கி வைக்கப்பட்டது. கையும் காலும் இடுப்பும் ஒன்றோடொன்று இசையாமல் தனித்தனியே அசைந்தன.

கடைசியாகச் சொன்ன அந்த இசைவைச் சிலம்பம் பழகியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். கம்பு வீச்சு மணிக்கட்டில் தொடங்குவதில்லை; காலடியில் தொடங்கி, இடுப்பில் திரும்பி, தோள் வழியாகக் கைக்கு வருகிறது. புதிதாகக் கற்பவர் கையை மட்டும் சுழற்றுவார். காலடி வரிசை பழகியவருக்கு உடல் முழுவதும் ஒரே பொருளாக அசையும். நடையிலும் அப்படித்தான். இடக்கால் முன்னே போகும்போது வலக்கை முன்னே வந்து, எடை ஒரு பாதத்திலிருந்து மறுபாதத்துக்கு வழுக்கிச் செல்லும் நடை, அந்த மனிதர் தம் உடலுக்குள் முழுமையாகக் குடியிருக்கிறார் என்பதைச் சொல்லிவிடுகிறது.

2013இல் வெளிவந்த ஒரு கனடிய ஆய்வும் இதையே வேறு கோணத்தில் தொட்டது. அதிகூடிய பாதுகாப்புள்ள சிறை ஒன்றில் இருந்த கைதிகளிடம், நடந்து செல்பவர்களைப் பின்னாலிருந்து எடுத்த படங்கள் காட்டப்பட்டன. பிறர் துன்பத்தைப் பொருட்படுத்தாத, தந்திரமாக ஆட்டிவைக்கும் குணம் மிகுந்திருந்த கைதிகள், முன்னர் உண்மையிலேயே வன்முறைக்கு ஆளாகியிருந்தவர்களைக் கூடுதல் சரியாக அடையாளம் கண்டார்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டபோது நடையைப் பார்த்தே சொன்னதாகவும் கூறினார்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். ஒருவர் தாக்கப்பட்டதற்கு அவருடைய நடையோ தோரணையோ காரணம் என்று இந்த ஆய்வுகள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. காரணம், தாக்குவதென்று முடிவெடுத்தவர் மட்டுமே. வீட்டுக்குப் பூட்டுப் போடுவது நல்லது என்று சொல்வதால், பூட்டாத வீட்டில் திருடியவரின் குற்றம் குறைந்துவிடாது. முன்பே துன்பப்பட்டவரின் உடலில் அந்தத் துன்பம் தங்கிவிடுகிறது என்பதைத்தான் கனடிய ஆய்வு காட்டுகிறது என்றே நான் அதைப் படிக்கிறேன். ஆகவே இந்தப் பயிற்சி முதலில் சென்றடைய வேண்டியது அவர்களைத்தான்; அவர்களிடம் பேசும்போது நம் குரலில் குற்றம் சாட்டும் தொனி ஒரு துளியும் இருக்கக்கூடாது.

எப்படி நிற்க வேண்டும், எப்படி நடக்க வேண்டும் என்று கேட்டால், பலரும் உடனே மார்பை விரித்துத் தாடையைத் தூக்கிக் காட்டுவார்கள். அது பிழை. தோரணை என்ற சொல்லே நம் பேச்சில் சிறிது திமிரோடு கலந்துவிட்டதால் வந்த குழப்பம் அது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் வகைகளை எட்டாகப் பிரிக்கிறது. அவற்றுள் மூன்று நம் பாடத்துக்கு நேரடியாக உரியவை: அச்சம், வெகுளி (சினம்), பெருமிதம். அச்சம் தோன்றும் நான்கு காரணங்களுள் ஒன்றாகக் கள்வரையும் தொல்காப்பியர் சேர்த்திருக்கிறார் என்பது தனிச்சிறப்பு. ஒடுங்கிய தோளும் தாழ்ந்த பார்வையும் அச்சத்தின் உடல். விரித்த மார்பும் முறைத்த கண்ணும் வெகுளியின் உடல். அச்சம் காட்டும் உடல், சோதித்துப் பார்க்கிறவனுக்கு வழி விடுகிறது. வெகுளி காட்டும் உடல், சண்டைக்கு அலைகிறவனை, அதிலும் மது அருந்தியவனை, வலிந்து அழைக்கிறது. இரண்டுக்கும் நடுவே, தன்னை உயர்த்திக் காட்டவும் வேண்டாமல் தாழ்த்திக் காட்டவும் வேண்டாமல் நிற்கும் உடலே பெருமிதத்தின் உடல். தற்காப்பு வகுப்பில் நாம் பழகுவது அந்த மூன்றாவதை.

அதன் அடித்தளம் கால்களில் இருக்கிறது. இரட்டைமாடிப் பேருந்து ஒன்று வளைவில் திரும்பும்போது, கைப்பிடி கிடைக்காமல் நின்றிருக்கும் பயணிகளைக் கவனித்துப் பாருங்கள். இரு பாதங்களையும் சேர்த்து வைத்து நிற்பவர் பக்கத்திலிருப்பவர்மீது சாய்வார். பாதங்களைத் தோளகலத்துக்கு விரித்து, ஒன்றைச் சற்றுப் பின்னே வைத்து, முழங்காலை இறுக்காமல் நிற்பவர் வண்டியோடு சேர்ந்து அசைந்து மீண்டும் நேராவார். உடலின் எடைமையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அங்கிருந்து நேர்க்கீழாக ஒரு கோடு இழுத்தால், அது இரு பாதங்களுக்கு இடைப்பட்ட பரப்புக்குள் இருக்கும்வரை நாம் விழமாட்டோம். பாதங்களை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் விரித்து வைக்கும்போது அந்தப் பரப்பு பெரிதாகிறது. முழங்கால் சிறிது மடியும்போது எடைமையம் தாழ்கிறது. எதிர்பாராமல் ஒருவர் தள்ளினாலும் ஓர் அடி பின்வைத்து நின்றுகொள்ளலாம். அதே நிலையிலிருந்து ஓடவும் தொடங்கலாம். முழங்காலை நேராகப் பூட்டிக்கொண்டு விறைப்பாக நிற்பவருக்கு இந்த இரண்டில் எதுவும் உடனே முடியாது.

முதுகெலும்பை நிமிர்த்துவதற்கு நான் சொல்லும் வழி எளியது. உச்சந்தலையை யாரோ ஒரு நூல் கட்டி மெதுவாக மேலே இழுப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். கழுத்து நீளும்; தோள் தானாகக் காதைவிட்டுக் கீழிறங்கும்; தாடை நிலத்துக்கு இணையாக வரும். தோளைப் பின்னுக்குத் தள்ள வேண்டியதில்லை. தள்ளினால் மார்பு விரிந்து, மறுபடியும் வெகுளியின் உடலுக்கு வந்துவிடுவோம்.

கண்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நம்மவர்கள் மிகுதியாகத் தடுமாறுகிறார்கள். பெரியவர்களை நேருக்குநேர் பார்க்காமல் தலை தாழ்த்துவது மரியாதை என்று நம்முள் பலர், குறிப்பாகப் பெண்கள், சிறுவயதிலிருந்தே பழக்கப்பட்டிருக்கிறோம். அந்தப் பழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. உரிய இடத்தில் அது அழகானது. ஆனால் இரவு பதினொரு மணிக்கு அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் தூணருகே நிற்கும் ஒருவருக்கு அந்த மரியாதையைக் கொடுக்க வேண்டியதில்லை. அவர் முகத்தை ஒரு விநாடி பாருங்கள். பிறகு பார்வையைத் தரைக்கு இறக்காமல் பக்கவாட்டில், தொலைவுக்கு நகர்த்துங்கள். ஒரு விநாடிப் பார்வை, "உங்களை நான் கண்டுவிட்டேன், உங்கள் முகம் எனக்கு நினைவிருக்கும்" என்கிறது. கீழே இறங்கும் பார்வை பணிவதாகவும், மூன்று விநாடிக்கு மேல் நிலைக்கும் பார்வை சவால் விடுவதாகவும் எடுத்துக்கொள்ளப்படும். மறைந்திருந்து திடீரென்று தோன்றுவதையே நம்பியிருப்பவருக்கு, தாம் முன்பே காணப்பட்டுவிட்டோம் என்பது பெரிய இடையூறு.

கைத்தொலைபேசி இந்தப் பார்வையை முழுவதுமாக விழுங்கிவிடுகிறது. எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வீடு வரை கூரையிட்ட நடைபாதையில் காணொளி பார்த்துக்கொண்டே வருபவருக்கு, பின்னால் எத்தனை பேர் வருகிறார்கள் என்பது தெரியாது. இரு காதுகளிலும் ஒலிக்கருவி இருந்தால் காலடியோசையும் கேட்காது. நம் ஊர் பாதுகாப்பானது என்பது உண்மை. 2012ஆம் ஆண்டு முதல் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காவல்துறைக் கேமராக்கள் பொருத்தப்பட்டு வருவதும் உண்மை. ஆயினும் கேமரா நடந்ததைப் பதிவு செய்யும். நம்மைத் திரும்பிப் பார்க்கச் சொல்லாது. குற்றம் குறைவாக இருப்பதால் குற்றமே இல்லை என்று ஆகிவிடாது என்று காவல்துறை பல்லாண்டுகளாகச் சுவரொட்டிகளில் சொல்லிவருவதும் இதற்காகத்தான். ஒரு காதையாவது திறந்து வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் மாணவர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்வதுண்டு.

அடுத்தது கைகள். ஒருவர் நெருங்கி வந்து பேசத் தொடங்கும்போது, பயத்தில் நாம் கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்கிறோம், அல்லது பைக்குள் விட்டுக்கொள்கிறோம். கட்டிய கையை விடுவிக்க நேரமாகும். பைக்குள் இருக்கும் கையால் முகத்தைக் காக்க முடியாது. பிரிட்டிஷ் தற்காப்புப் பயிற்சியாளர் ஜெஃப் தாம்சன் பரவலாக்கிய முறை ஒன்றுக்கு "வேலி" என்று பெயர். இரு உள்ளங்கைகளையும் விரித்து, மார்பு உயரத்தில், முழங்கை மடித்து, எதிரே இருப்பவரை நோக்கிக் காட்டுவதே அது. "சற்றுப் பொறுங்கள்" என்று சொல்லும்போது நாம் இயல்பாகக் காட்டும் சைகைதான். ஆனால் முகத்துக்கும் கழுத்துக்கும் முன்னால் இரு கைகள் ஏற்கெனவே வந்து நின்றுவிட்டன. எதிரே இருப்பவர் அந்தக் கைகளைத் தாண்டி வர முயன்றால், அவருடைய எண்ணம் என்ன என்பதில் அதற்குமேல் ஐயம் இல்லை.

சிங்கப்பூரில் இந்த வேலிக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. இங்கே மிளகுத் தெளிப்பானை வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. தற்காப்பு உரிமையைத் தண்டனைச் சட்டத்தொகுப்பு ஏற்றுக்கொள்கிறது என்றாலும், தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் பிறருக்குத் தீங்கு செய்ய அது அனுமதிப்பதில்லை. மடக்கிய முட்டியோடு நிற்பவரைப் பார்க்கும் சாட்சி, "இருவரும் சண்டைக்கு நின்றார்கள்" என்றுதான் சொல்வார். விரித்த உள்ளங்கையோடு, "வேண்டாம், தள்ளி நில்லுங்கள்" என்று உரக்கச் சொன்னவரைப் பார்த்தவரும், அதைப் பதிவு செய்த கேமராவும், யார் விலக முயன்றார் என்பதை வேறுவிதமாகச் சொல்ல வழியில்லை.

எவ்வளவு தொலைவு வேண்டும் என்ற கேள்விக்கு, எட்வர்டு ஹால் என்ற மானிடவியலாளர் 1966இல் வகுத்துக் காட்டிய அளவுகள் உதவும். ஏறக்குறைய 45 சென்டிமீட்டருக்குள் நெருக்கமானவர்களையே விடுகிறோம், அதிலிருந்து 1.2 மீட்டர் வரை நண்பர்களுக்குரிய வெளி. அதற்கப்பால்தான் அறிமுகமற்றவர்களோடு இயல்பாகப் பேசும் தொலைவு. அவர் அளந்தது அமெரிக்கர்களை. ஊருக்கு ஊர் இது மாறும் என்று அவரே வற்புறுத்தினார். நெரிசலான தேக்கா சந்தையில் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கியவர்களுக்கு அந்த மாற்றம் தெரியும். நினைவில் வைத்துக்கொள்ள எளிய அளவு ஒன்றுண்டு: எதிரே இருப்பவர் கையை நீட்டினாலும் ஓர் அடி எடுத்து வைக்காமல் நம்மைத் தொட முடியாத தொலைவு. அவர் அந்த அடியை எடுத்து வைக்கும் நேரம்தான் நமக்குக் கிடைக்கும் நேரம்.

மின்தூக்கியிலும் நெரிசல்மிக்க ரயிலிலும் அந்தத் தொலைவு கிடைக்காது. தொலைவு இல்லாதபோது நிற்கும் இடமும் திசையும் அதன் வேலையைச் செய்ய வேண்டும். மின்தூக்கியில் பொத்தான் பலகையை ஒட்டி, முதுகு சுவர்ப்பக்கம் இருக்க, கதவும் மற்றவரும் ஒருசேரக் கண்ணில் படுமாறு நில்லுங்கள். உள்ளே இருப்பவரைப் பார்த்ததும் மனம் ஒப்பவில்லையா, ஏறாதீர்கள். எதையோ மறந்தவர்போலத் திரும்பிப் போவதற்கு யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ரயிலில் நேராக நிற்காமல் பக்கவாட்டில் திரும்பி, பையை எந்தப் பக்கம் நெரிசலோ அந்தப் பக்கம் கொண்டுவந்து, முழங்கையைச் சற்று வெளியே வைத்தால் ஒரு சாண் இடம் நம்முடையதாகிறது. உரசல் தற்செயலானதா என்று ஐயமாக இருந்தால், அரை அடி நகர்ந்து பாருங்கள். தற்செயலாக உரசியவர் தம் இடத்திலேயே இருப்பார்; மற்றவர் நம்மோடு சேர்ந்து நகர்வார்.

அப்படி நகர்ந்து வந்தால், அங்கே குரல் வேண்டும். குரலும் தோரணையின் பகுதியே. குனிந்த முதுகிலிருந்து பெருங்குரல் எழாது, ஏனென்றால் வயிறு மடிந்திருக்கும்போது மூச்சு மேல்மார்போடு நின்றுவிடுகிறது. நிமிர்ந்து, வயிற்றிலிருந்து, ஒரே சொல்லாக, "நிறுத்து!" என்று சொல்லிப் பழகுங்கள். பிறர் கவனத்தை ஈர்க்க ஆங்கிலமோ மலாயோ கூடுதலாக உதவலாம் என்றாலும், அதிர்ச்சியில் வாயில் வருவது தாய்மொழிதான்; அதுவே போதும். கூட்டத்தில் உள்ளவர்களைத் திரும்பிப் பார்க்கச் செய்வது குரலின் கனம்.

என் வகுப்பில் இந்தப் பயிற்சியின்போது ஏறக்குறைய எல்லாரும் செய்யும் ஒரு பிழையைத் தனியே சொல்ல விரும்புகிறேன். வாய் "வேண்டாம்" என்கிறது, முகம் சிரிக்கிறது. தலை ஒருபக்கம் சாய்கிறது, தோள் சுருங்குகிறது, "மன்னிச்சுக்குங்க" என்ற சொல் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்கிறது. விருந்தினர் மனம் கோணக்கூடாது, உறவினர் தவறாக நினைக்கக்கூடாது என்று வளர்ந்தவர்களின் சிரிப்பு அது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு, நான் வேலை பார்த்த கட்டடத்தின் மின்தூக்கியில் ஒருவர் என் இடுப்பில் கை வைத்தபோது நானும் அப்படித்தான் சிரித்தேன். கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டன, குரல் வரவில்லை, மூன்றாம் மாடியிலிருந்து பதினோராம் மாடி வரை அந்தச் சிரிப்பு முகத்தில் உறைந்திருந்தது. பல மாதங்கள் அந்தச் சிரிப்புக்காக என்னையே நொந்துகொண்டேன். ஆபத்தில் போராடுவதும் ஓடுவதும் போலவே உறைந்துபோவதும் உடலின் தன்னிச்சையான எதிர்வினை என்பதும், அது சம்மதம் ஆகாது என்பதும், அது என் குற்றமன்று என்பதும் மிகவும் பின்னரே எனக்குத் தெரிந்தன. இந்த வகுப்பை நான் தொடங்கியதற்கு அந்த எட்டு மாடிகளே காரணம்.

உறைதலைக் கலைப்பதற்கும் உடல்வழியே ஒரு திறவுகோல் உண்டு. அச்சத்தில் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்ததும் இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு மேலோடுகிறது, பார்வை ஒரு குழாய்க்குள் நோக்குவதுபோல் குறுகுகிறது, விரல்களின் நுணுக்கமான செயல்திறன் குறைகிறது. சாவியைத் துளையில் நுழைக்க முடியாமல் கை நடுங்குவது இதனால்தான். அப்போது மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வழியே இதயத்துடிப்பு சற்றுத் தணிகிறது. அதோடு ஏதாவது ஒரு பெரிய தசையை அசையுங்கள்: ஒரு காலைப் பின்னே வையுங்கள், அல்லது கைகளை வேலியாக உயர்த்துங்கள். முதல் அசைவு வந்துவிட்டால் இரண்டாவது அதைத் தொடர்ந்து வரும்.

எதிரே இருப்பவரின் உடலைப் படிப்பது இதே பாடத்தின் மறுபக்கம். தாக்கத் துணிந்தவர் பெரும்பாலும் அறிகுறி காட்டாமல் தாக்குவதில்லை. பேசிக்கொண்டே இடமும் வலமும் பார்த்து யாராவது இருக்கிறார்களா என்று தேடுவார். தாடை இறுகும்; கைவிரல்கள் மடங்கி விரியும். ஒரு காலைப் பின்னே வைத்துத் தோளைச் சாய்ப்பார். ஒரு கை மட்டும் உடலுக்குப் பின்னால் அல்லது பைக்குள் மறைந்திருக்கும். கத்திக்கொண்டிருந்தவர் திடீரென்று அமைதியாகி நம்மை ஊடுருவிப் பார்ப்பது, கத்துவதைவிட ஆபத்தானது. இவற்றுள் ஒன்று மட்டும் தெரிந்தால் அது வெறும் பழக்கமாக இருக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் விளக்கம் தேடாமல் விலகுங்கள். மறைந்திருக்கும் கையைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன், ஏனென்றால் காயப்படுத்துவது கைதான்.

கண்ணாடி முன்னே இரண்டு நிமிடம் இடுப்பில் கை வைத்து நின்றால் உடலின் ஹார்மோன்கள் மாறித் துணிச்சல் பிறக்கும் என்று ஒரு கருத்து சில ஆண்டுகளுக்கு முன்பு மிகவும் புகழ்பெற்றது. 2010இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து அது கிளம்பியது. 2015இல் 200 பேரை வைத்து அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது ஹார்மோன் மாற்றம் எதுவும் தென்படவில்லை. முதல் ஆய்வை எழுதியவர்களுள் ஒருவரான டானா கார்னியே 2016இல் அந்த விளைவு உண்மையென்று தாம் நம்பவில்லை என அறிவித்துவிட்டார். தோரணை நம்மை வீரராக மாற்றும் மந்திரம் அன்று. அது நமக்குச் சமநிலையையும் பார்வையையும் மூச்சையும் தருகிறது. பிறருக்கு ஒரு செய்தியைத் தருகிறது. அவ்வளவே, ஆனால் அதுவே பெரிது.

அந்தச் செய்தி செல்லாத இடங்களும் உண்டு. கையில் கத்தி இருந்தாலோ, பலர் சூழ்ந்தாலோ, பணப்பையைக் கொடுத்துவிட்டு ஓடுவதே அறிவு. அறிமுகமில்லாதவரைக் காட்டிலும் தெரிந்தவராலேயே துன்பப்படுகிறவர்களுக்கு, வீட்டுக்குள்ளும் வேலையிடத்திலும் நடப்பவற்றுக்கு, நிமிர்ந்த முதுகு மட்டும் விடையாகாது. அங்கே துணையும் சட்டமும் வேண்டும். மானபங்கக் குற்றத்துக்கு இங்கே மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் பிரம்படியும் விதிக்க முடியும். பின்தொடர்வதும் தொல்லை கொடுப்பதும் 2014ஆம் ஆண்டின் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின்கீழ் குற்றங்கள். அவசரத்துக்குக் காவல்துறையின் 999 இருக்கிறது. வன்முறைக்கும் பாலியல் தொல்லைக்கும் ஆளானவர்கள் 1800-777-0000 என்ற தேசிய உதவி எண்ணை இருபத்துநான்கு மணிநேரமும் அழைக்கலாம். சக்கரநாற்காலியில் இருப்பவருக்கும், பக்கவாதத்துக்குப் பிறகு கோல் ஊன்றி நடப்பவருக்கும் நடையைப் பற்றி நான் சொன்னவை பொருந்தா. ஆனால் பார்வை, குரல், வேலி, நிற்கும் இடம் ஆகிய நான்கும் அவர்களுக்கும் உரியவையே.

பழகுவதற்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டாம். வீட்டுக்குப் போகும் வழியே போதும். முதல் வாரம், நிலையத்திலிருந்து புளோக் வரை தொலைபேசி பைக்குள் இருக்கட்டும். எதிரே வருபவர்களுள் ஐந்து பேரின் சட்டை நிறத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வாரம், பையின் வாரைச் சுருக்கிக் குறுக்காக மாட்டி, இரு கைகளையும் விடுவித்து, அவை தாமாக வீசுவதைக் கவனியுங்கள். மின்தூக்கிக் கதவு திறக்கும் முன்பே வீட்டுச் சாவி கையில் இருக்கட்டும். மூன்றாம் வாரம், கடைக் கண்ணாடிகளில் தெரியும் உங்கள் உருவத்தின் தோளை மட்டும் பாருங்கள். குரலுக்கு மட்டும் துணை தேவை. வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அறைக்குள் நின்று பத்து முறை உரக்கக் கத்துங்கள்.

கற்ற தோரணை பெருமிதமாக வந்திருக்கிறதா, வெகுளியாகத் திரிந்துவிட்டதா என்று எப்படி அறிவது எனப் பலர் கேட்பார்கள். என் மாணவர்களிடமிருந்து நான் கண்டுகொண்ட ஓர் அடையாளம் உண்டு. முறைப்பாக நடப்பவரை விட்டுக் குழந்தைகள் விலகிப் போகும். ஒடுங்கி நடப்பவர் யார் கண்ணிலும் பதியமாட்டார். சிராங்கூன் சாலையில் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்கும் சுற்றுப்பயணி, அத்தனை பேரையும் விட்டுவிட்டு உங்களிடம் வந்து வழி கேட்கத் தொடங்கினால், தோள்கள் சரியான இடத்தில் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம். அவருக்கு வழி சொல்லும்போதும் அவர் கைக்கு எட்டாத அளவு தள்ளியே நில்லுங்கள்.